ரைனோ 8 ரிவ்யூ: போட் மாடல்ல சர்பேஸுக்கு நடுவுல வர்ற இடைவெளிய இது எப்படி சரி பண்ணுது

மண்டபத்துல பைபர் போட் கட்டுற ஒரு யார்டுக்கு டிராயிங் போட்டுக் கொடுக்குறது தான் என் வேலை. ஆட்டோகேட்ல கோடு போட்டே பல வருஷம் ஓடிருச்சு, 3டி சர்பேஸ் பக்கம், அதாவது போட்டோட உடம்ப கனமில்லாத மெல்லிசான பரப்பா வரையுற பக்கம், ஒழுங்கா வந்தது இந்த வருஷம் தான். வந்ததுமே மாட்டுனது இந்த இடைவெளி பிரச்சனைல. ரெண்டு சர்பேஸ் பக்கத்துல பக்கத்துல நிக்கும், ஸ்கிரீன்ல பாத்தா ஒட்டி இருக்குற மாதிரியே தெரியும், ஆனா ஜாயின் குடுத்தா சேராது. நாலு மாசமா ரைனோ 8ங்குற 3டி டிராயிங் சாஃப்ட்வேர்ல இந்த வேலைய தான் அதிகமா பண்ணிருக்கேன், அதனால ரைனோவுல இருக்குற மத்த விஷயத்துக்குள்ள போகல, இடைவெளிய கண்டுபிடிச்சு அடைக்கிறதுல அது எப்படின்னு மட்டும் எழுதுறேன்.

கதை என்னன்னா, யார்டுல 28 அடி போட்டுக்கு மோல்டு இருக்கு, அதையே 30 அடியாக்கி புது மோல்டு வேணும்னு யார்டு அண்ணே முடிவு பண்ணிட்டாக. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கரையேறி நிக்கும், அந்த சமயத்துல தான் யார்டு பக்கம் நிறைய பேரு வந்து போட் விசாரிப்பாக, அதுக்குள்ள புது அளவு தயாரா இருக்கணும்னு அவசரம். வெளியூர்ல ஒருத்தர் பழைய மோல்ட அளந்து வேற ஒரு சாஃப்ட்வேர்ல வரைஞ்சு ஐஜெஸ் பைலா (ஒரு சாஃப்ட்வேர்லேர்ந்து இன்னொன்னுக்கு மாடல கொண்டு போற பார்மட்) அனுப்பிட்டாரு. அத ரைனோல திறந்தா முழு போட்டும் தெரியுது, சுத்தி சுத்தி பாத்தேன், அழகா இருந்துச்சு. அந்த சந்தோஷம் பிரேம் வெட்டு எடுக்குற வரைக்கும் தான்.

நாங்க பிளக், அதாவது மோல்டு எடுக்குறதுக்கான போட் வடிவம், செய்யறது எப்படின்னா 500 மில்லிமீட்டருக்கு ஒரு பிளைவுட் பிரேம், மொத்தம் 18 பிரேம், அத சிஎன்சி ரவுட்டர்ல வெட்டி வரிசையா நிறுத்தி மேல ரீப்பர் அடிச்சு பட்டி வச்சு தேய்ப்போம். ரைனோல கான்டூர்னு ஒரு கமாண்ட் இருக்கு, அது மாடல வரிசையா குறுக்க வெட்டி ஒவ்வொரு வெட்டுலயும் ஒரு கோடு தரும். எனக்கு வந்த கோட்டுல பாதி உடைஞ்சு வந்துச்சு. அடிப்பக்கம் ஒரு துண்டு, பக்கவாட்டு ஒரு துண்டு, ரெண்டு முனையும் தொடல. வெட்டுற கடையில "மூடின கோடா குடுங்க, இல்லனா மெஷின் எடுக்காது"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க.

அண்ணே கிட்ட சொன்னா "எவ்வளவுடா இடைவெளி"ன்னாக, "0.3 மில்லிமீட்டர் அண்ணே, ஒரு மூலையில 4"ன்னேன். "மேல் பூச்சு ஜெல்கோட்டே அர மில்லி இருக்கும், பட்டிய வச்சு தேச்சா போகுது, இதுக்கா ரெண்டு நாள் உக்காந்திருக்க"ன்னாக. பிளக்குக்கு அவுக சொல்றது நூத்துக்கு நூறு சரி தான், ஆனா கம்ப்யூட்டருக்கு பட்டி கிடையாது. இன்னொன்னு, நம்ம வடக்குக் கடல்ல (பாக் விரிகுடா) தண்ணி ஆழம் கம்மி, 30 அடி போட் லோடோட எவ்வளவு முங்கும்னு முன்னாடியே தெரியணும், அதுக்கு தண்ணிக்கு கீழ இருக்குற பாகத்தோட கன அளவு வேணும். மூடாத மாடல்ல கன அளவு கேட்டா ரைனோவே இது திறந்து இருக்கு, இந்த நம்பர நம்பாதன்னு எச்சரிக்கை குடுக்குது. கடல் தண்ணி ஒரு கன மீட்டர் கிட்டத்தட்ட 1025 கிலோ, அப்ப 0.1 கன மீட்டர் தப்பானாலே நூறு கிலோ தப்பு, அது ரெண்டு ஆளோட வெயிட்டு.

இந்த இடைவெளி ஏன் வருதுன்னு முதல்ல புரிஞ்சுக்கணும், இத புரிஞ்சுக்காம நான் ரெண்டு வாரம் வீணாக்கிட்டேன். ரைனோ நர்ப்ஸ்ங்குற, கணக்கு சூத்திரத்தால எழுதுன வளைஞ்ச சர்பேஸ்ல வேலை செய்யுது. வளைஞ்ச ரெண்டு சர்பேஸ் ஒன்ன ஒன்னு வெட்டுற கோட்ட துல்லியமா எழுதவே முடியாது, சாதாரணமா நாம போடுற பைக்யூபிக் (ரெண்டு பக்கமும் டிகிரி 3) சர்பேஸ் ரெண்டு வெட்டிக்கிட்டா அந்த கோட்டோட டிகிரி, அதாவது சமன்பாட்டோட படி, 324 வரைக்கும் போகும்னு கணக்கு சொல்லுது. அத எந்த சாஃப்ட்வேரும் அப்படியே வச்சுக்காது, கிட்டத்தட்ட பொருந்துற ஒரு கோட்ட போட்டு "இவ்வளவு தப்பு பரவாயில்ல"ன்னு ஒரு எல்லை வச்சுக்கும், அது தான் டாலரன்ஸ். அப்ப நல்லா சேர்ந்திருக்குற மூட்டுலயும் இடைவெளி இருக்கு, அந்த எல்லைக்கு உள்ள இருக்கு, அவ்வளவு தான் வித்தியாசம். ஒரு சாஃப்ட்வேர்ல பெரிய எல்லை வச்சு வரைஞ்சத சின்ன எல்லை வச்ச இன்னொரு சாஃப்ட்வேர்ல திறந்தா அங்க சேர்ந்தது இங்க பிரிஞ்சு நிக்கும். அதுவும் ஐஜெஸ் பழைய பார்மட், பெரும்பாலும் சர்பேஸ தனித்தனியா தான் கொண்டு வரும், எது எதோட சேர்ந்திருந்துச்சுங்குற தகவல் வராது. சேர்ந்த தகவலையும் கொண்டு வர்ற ஸ்டெப் பைலா கேட்டு வாங்கிருந்தா பாதி வேலை மிச்சம், இப்பல்லாம் யாரு அனுப்புனாலும் ஸ்டெப் இருந்தா குடுங்கன்னு தான் கேக்குறேன்.

சரி இப்ப ரைனோ. இதுல எனக்கு ரொம்ப பிடிச்சது ஷோ எட்ஜஸ். எல்லாத்தையும் செலக்ட் பண்ணி முதல்ல ஜாயின் குடுத்துட்டு ஷோ எட்ஜஸ் போட்டு நேக்கட் எட்ஜ டிக் பண்ணுனா எங்கெங்க சேரலயோ அந்த விளிம்பு மட்டும் பளிச்சுனு ரோஸ் கலர்ல தெரியும், எத்தனைன்னு எண்ணிக்கையும் வரும். எனக்கு முதல் தடவ 46 வந்துச்சு. அங்கயே ஜூம் பட்டன் இருக்கு, ஒவ்வொன்னா கொண்டு போயி காட்டும், கண்ணுக்கு தெரியாத முடி அளவு துண்டு கூட தப்பாது. மரப்படகு ஒழுகுனா எங்க ஒழுகுதுன்னு தேடியே அர நாள் போயிரும், இங்க ஒரு நிமிஷத்துல இடம் தெரிஞ்சுருது. இது ஒன்னுக்காகவே காசு குடுக்கலாம்னு நான் மனசார சொல்லுவேன்.

46ல பதினொன்னு வெறும் டூப்ளிகேட், ஒரே சர்பேஸ் ரெண்டு தடவ மேல மேல கிடந்துச்சு. செல்டப்னு ஒரு கமாண்ட், அது டூப்ளிகேட்ட செலக்ட் பண்ணும், டெலீட் பண்ணிட்டு திரும்ப ஜாயின் போட்டா சரியாயிருச்சு. யாரு பண்ணுனாலும் முதல்ல இத பண்ணிருங்க.

அடுத்தது டாலரன்ஸ். ரைனோல ஸ்மால் ஆப்ஜெக்ட்ஸ் மில்லிமீட்டர் டெம்ப்ளேட்ல ஆரம்பிச்சா 0.001 மில்லிமீட்டர்னு இருக்கும், நகை செய்யறவங்களுக்கு சரி, ஒன்பது மீட்டர் போட்டுக்கு அது தேவையே இல்ல, நான் 0.01 வச்சுக்கிறேன். ஜாயின் கமாண்ட் இந்த எல்லைல சுமார் ரெண்டு மடங்கு வரைக்கும் இருக்குற இடைவெளிய தானா சேர்த்துரும், அதுக்கு மேல போனா சேர்க்காது. இங்க பலபேரு பண்றது என்னன்னா எல்லைய 5 மில்லிமீட்டர்னு தூக்கி வச்சு ஜாயின் போட்டுட்டு திரும்ப கீழ இறக்கிருவாங்க, நானும் பண்ணேன். அப்படி பண்ணா இடைவெளி அங்கயே தான் இருக்கு, சேர்ந்துருச்சுன்னு ஒரு முத்திரை மட்டும் விழுது. டாலரன்ஸ வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வச்சுட்டு நடுவுல தொடாம இருக்குறது தான் நல்லது, ஏன்னா முன்னாடி வெட்டுனது பழைய எல்லையில வெட்டுனதாவே நிக்கும்.

இதே தப்ப இன்னும் சுலபமா பண்ண வைக்கிற கமாண்ட் ஜாயின் எட்ஜ். ரெண்டு நேக்கட் எட்ஜ தொட்டா இத சேர்க்க இவ்வளவு டாலரன்ஸ் ஆகும், சேர்க்கவான்னு கேக்கும். நேர்மையா கேக்குது, அதுல குறை சொல்ல முடியாது, ஆனா அவசரத்துல நாம யெஸ் அடிச்சிருவோம். சர்பேஸ் ஒரு இம்மி கூட நகராது, விளிம்பு மட்டும் சேர்ந்ததா பதிவாகும். ஷோ எட்ஜஸ் போட்டா நேக்கட் எட்ஜ் பூஜ்யம், வால்யூம் கூட வரும். நான் அந்த 4 மில்லிமீட்டர் மூலைய அப்படித்தான் மூடுனேன், ஸ்டெப் பைல் எடுத்து கடைக்கு அனுப்பிட்டேன், அவங்க சாஃப்ட்வேர்ல திறந்தா அந்த மூலை மறுபடி வாய பிளந்து நிக்குது. ஒரு நாள் போச்சு, பிளைவுட் வெட்டுறதுக்கு முன்னாடி தெரிஞ்சதால பிளைவுட் தப்பிச்சுச்சு. உங்க பைல்ல இந்த மாதிரி பொய் மூட்டு இருக்கான்னு சந்தேகம் வந்தா ஒரு காப்பி எடுத்து எக்ஸ்ப்ளோட் பண்ணி சர்பேஸ தனித்தனியா பிரிச்சிட்டு திரும்ப ஜாயின் போடுங்க, உண்மையில சேராதது எல்லாம் வெளிய வந்துரும். ரீபில்ட் எட்ஜஸ் கமாண்டும் அப்படி இழுத்து சேர்த்த விளிம்ப அதோட சொந்த சர்பேஸ் மேல திருப்பி கொண்டு போயி வச்சிரும், நான் இப்ப வெளியிலேர்ந்து வர்ற எந்த பைலுக்கும் முதல்ல அத ஓட்டிட்டு தான் மத்த வேலை.

அப்பா மரப்படகு தச்சர். பலகைக்கு நடுவுல கலப்பத்து பாய்ச்சுறத சின்ன வயசுலேர்ந்து பாத்திருக்கேன், பஞ்ச முறுக்கி உளி வச்சு அடிச்சு இறக்கி மேல குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சி பூசுவாக. இந்த 4 மில்லிமீட்டர் கதைய சொன்னப்ப அப்பா கேட்டாக, "பலகை ஏன் அகண்டுச்சுன்னு பாத்தியா?" சந்து அகலமா இருந்தா கூட ரெண்டு முறுக்கு பஞ்ச திணிக்க மாட்டாகளாம், பலகைய கழட்டி இழைச்சு திரும்ப பொருத்துவாகளாம், இல்லனா சோழகக் காத்துல முதல் அலைக்கே பஞ்சு கக்கிரும்னாக. எனக்கு ரைனோவ சரியா யூஸ் பண்ண கத்துக்குடுத்தது அந்த ஒரு கேள்வி தான். அன்னிலேர்ந்து ஒவ்வொரு இடைவெளிக்கும் முதல்ல காரணம் தேடுறேன், அப்புறம் தான் கமாண்ட்.

நடுக்கோட்டுல, அதாவது அடிக்கட்டையான ஏரா நெடுக இருந்த இடைவெளிக்கு காரணம் சப்புன்னு இருந்துச்சு. பாதி போட் வரைஞ்சு மிரர் போட்டிருக்காரு, ஆனா அந்த பாதியோட விளிம்பு சரியா நடுத்தளத்துல இல்ல, 0.15 மில்லிமீட்டர் இந்தப் பக்கம் நிக்குது, மிரர் பண்ணுனா ரெண்டு மடங்காகி 0.3. சர்பேஸோட வடிவத்த பிடிச்சு வச்சிருக்குற கண்ட்ரோல் பாயின்ட்ட ஆன் பண்ணி அந்த விளிம்பு வரிசைய மட்டும் பிடிச்சு செட் பாயின்ட் கமாண்ட்ல ஒய் மதிப்ப பூஜ்யம் ஆக்குனேன், திரும்ப மிரர் போட்டேன், ஜாயின் ஒரே அடியில சேர்ந்துருச்சு. ஒன்பது மீட்டர் நீளத்துக்கு பட்டி வைக்க வேண்டிய வேலை அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுச்சு. இந்த மாதிரி இடத்துல ரைனோ கைக்கு ரொம்ப அடக்கமா இருக்கு, புள்ளி புள்ளியா பிடிச்சு நகர்த்தலாம்.

பக்கவாட்டும் அடியும் சேர்ற இடத்துல இருந்த சின்ன இடைவெளிக்கு மேட்ச் சர்ஃப். ஒரு சர்பேஸோட விளிம்ப இழுத்து இன்னொன்னோட விளிம்புல பொருத்தும், வெறும் தொட்டா போதுமா, வழுவழுப்பா தொடரணுமா, வளைவும் ஒத்துப் போகணுமான்னு நாமளே சொல்லலாம். ஒரு நிபந்தனை, இழுக்கப்படுற விளிம்பு டிரிம் பண்ணாத, அதாவது வெட்டாத சொந்த விளிம்பா இருக்கணும், டிரிம் பண்ணுன விளிம்புன்னா முதல்ல அன்ட்ரிம் பண்ணி பாக்கணும். இன்னொரு எச்சரிக்கை, விளிம்பு நகர்றப்ப உள்ள இருக்குற வளைவும் கொஞ்சம் ஆடும். அதனால ஸீப்ரா போட்டு அந்த கருப்பு வெள்ள பட்டை மூட்டுல உடையாம ஓடுதான்னு பாத்துக்கங்க. ஸ்பிளைன்ங்குற சொல்லே கப்பல் வரையறவங்க பிடிச்சு வளைக்கிற மெல்லிசான மரப்பட்டியிலேர்ந்து வந்தது தான், அப்பா ரீப்பர வளைச்சு கண்ண ஒருக்களிச்சு பாக்குற அதே பார்வைய தான் இந்த ஸீப்ரா ஸ்கிரீன்ல தருது.

போட்டோட முன்பக்கமான அணியத்துல தான் நாலு நாள் போச்சு. முன்னாடி கூர்ல ரெண்டு பக்க சர்பேஸும் ஒரே புள்ளியில வந்து முடியுற மாதிரி வரைஞ்சிருந்தாரு, மூணு மூலை சர்பேஸ், ஒரு விளிம்பு சுருங்கி புள்ளியாயிருச்சு. அந்த மாதிரி இடத்துல மேட்ச் சர்ஃப் போட்டா சுருக்கம் விழுது, பேட்ச் போட்டா குத்துமதிப்பா மூடுது, ஆனா விளிம்புல சரியா உக்காரல, பேட்சோட தன்மையே அது தான், அத குறைன்னு சொல்ல மாட்டேன், வேற வேலைக்கு உள்ள கமாண்ட். கடைசியில அந்த ரெண்டு சர்பேஸையும் தூக்கிப் போட்டுட்டு புதுசா வரைஞ்சேன், இந்த தடவ கூரத் தாண்டி ஒரு முழம் அதிகமா ஓட விட்டு, அணியத்தோட வளைவுக்கோட்ட வச்சு டிரிம் பண்ணேன். துணிய அதிகமா விட்டு அப்புறம் கத்தரிக்கிற மாதிரி. கூர் கத்தி மாதிரி வந்துச்சு, இடைவெளியும் இல்ல.

மேல் வாய மூட கேப் கமாண்ட் போட்டு பாத்தேன், நடக்கல. கேப் தட்டையான ஓட்டைய மட்டும் தான் மூடும், நம்ம போட்டோட மேல் விளிம்பு அணியத்துல தூக்கி நடுவுல இறங்கி வளைஞ்சு போகுது, அது எப்படி தட்டையாகும். விளிம்பையே எடுத்து எட்ஜ் சர்ஃப்ல ஒரு மூடி போட்டேன், பின்பலகை ஓரத்துல, ரெண்டு கோட்டு மேல ஒரு கோட்ட ஓட்டி சர்பேஸ் போடுற ஸ்வீப் 2. அந்த 4 மில்லிமீட்டர் மூலைக்கும் அதான், மூணு சர்பேஸும் வேற வேற கோட்ட வச்சு வரைஞ்சதால வந்த வினை, ஒரே கோட்ட மூணுக்கும் பொதுவா வச்சு திரும்ப போட்டதும் தானா சேர்ந்துச்சு. குறுக்கும் நெடுக்குமா கோடு வச்சு போடுற நெட்வொர்க் சர்ஃப்பும் நல்லா பொருந்தும், ஆனா புள்ளிய அள்ளிக் கொட்டிரும், அப்புறம் கையில திருத்துறது கஷ்டம்.

ரைனோ 8ல புதுசா வந்த ஷ்ரிங்க்ராப் பத்தி ஒரு வரி. மாடல் எவ்வளவு கிழிஞ்சு இருந்தாலும் மேல ஒரு தோல் மாதிரி போர்த்தி மூடின மெஷ் (சின்ன சின்ன தட்டையான துண்டால ஆன வலை) குடுக்குது. அண்ணனுக்கு அவசரமா முங்குற அளவு சொல்ல வேண்டியிருந்தப்ப இத வச்சு தான் குத்துமதிப்பா சொன்னேன், அப்புறம் சரியான மாடல்ல பாத்தப்ப பெருசா வித்தியாசம் இல்ல. 3டி பிரிண்ட் எடுக்குறவங்களுக்கு வரப்பிரசாதம். ஆனா அது மெஷ், சர்பேஸ் இல்ல, அதுலேர்ந்து பிரேம் கோடு எடுத்தா துண்டு துண்டா நேர்கோடா வரும், பிரேம் வெட்டுக்கு வேணாம்.

குறைன்னு பாத்தா, இடைவெளிய காட்டுற அளவுக்கு அத அடைக்கிற வழிய ரைனோ எடுத்து சொல்றதில்ல. எல்லாம் தனித்தனி கமாண்ட், எத எப்ப போடணும்னு நாம தான் கத்துக்கணும், புதுசா வர்ற பசங்க நேரா ஜாயின் எட்ஜ்ல போயி விழுவாங்க. லினக்ஸ்ல கிடையாது, விண்டோஸ், மேக் மட்டும் தான். வாங்குறது ஒரு தடவ காசு, மாசாமாசம் கட்ட வேணாம், எங்கள மாதிரி சீசனுக்கு சீசன் வேலை வர்ற இடத்துக்கு அது பெரிய நிம்மதி. 90 நாள் முழுசா ஃப்ரீயா ஓட்டி பாக்கலாம், அதுக்கப்புறம் சேவ் ஆகாது. படிக்கிற பசங்களுக்கு தனி விலை, கம்மியா வரும்.

காசே இல்லனா ஃப்ரீகேட் இருக்கு, அதுல சர்பேஸ் பக்கத்துல ஃபில்லிங், பார்ட் பக்கத்துல செக் ஜாமெட்ரி ரெண்டும் ஓரளவு இந்த வேலைய செய்யுது, பொறுமை வேணும். வெறும் போட் உடம்பு மட்டும் புதுசா வரையப் போறீங்கன்னா டெல்ஃப்ட்ஷிப் ஃப்ரீ எடிஷன் பாருங்க, அதுல உடம்பு முழுக்க ஒரே சப்டிவிஷன் சர்பேஸ் (கட்டம் கட்டமா பிரிச்சு வழுவழுப்பாக்குற ஒரே தோல்), அதனால இந்த மூட்டு தொல்லையே பெருசா வராது. அடுத்தவங்க வரைஞ்சு உடைஞ்சு வந்த பைல சரி பண்ணணும்னா தான் ரைனோ.

இப்ப 18 பிரேமும் வெட்டி வந்துருச்சு, வடக்குக் கரை கொட்டகையில நிக்குது, ரீப்பர் அடிக்கிற வேலை பாதி முடிஞ்சிருக்கு. நான் இப்ப ஒவ்வொரு ஸ்டெப் பைலையும் அனுப்புறதுக்கு முன்னாடி காலி பைல் ஒன்னுல திருப்பி இம்போர்ட் பண்ணி ஷோ எட்ஜஸ் போட்டு பூஜ்யம் வருதான்னு பாத்துட்டு தான் அனுப்புறேன். இன்ஜின் பெட்டி மூடியில இன்னும் ரெண்டு நேக்கட் எட்ஜ் பாக்கி நிக்குது, நாளைக்கு காலையில அத பாக்கணும், காரணம் இன்னும் பிடிபடல. இதே மாதிரி யாருக்காவது மூட்டு சேராம நின்னா எந்த இடம், எவ்வளவு இடைவெளி, எந்த பார்மட்ல வந்த பைலுன்னு கீழ எழுதுங்க, தெரிஞ்சத சொல்றேன்.